நெற்றியில் பாதிச் சிங்கம்

அக்காவுக்கு அம்மை போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு அப்போது என்னவெல்லாம் கிடைத்தது என்று இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே வெள்ளை வேட்டி விரித்த படுக்கை. தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. காலையில் இளநீர், மதியம் நுங்கு, மாலையில் மறுபடியும் இளநீர். பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. அரித்தால் வேப்பிலையால் தடவிவிட அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் அம்மா வேலை பார்த்த பள்ளியில் பரீட்சைத்தாள் திருத்தும் காலம் அது. எனக்குக் காய்ச்சல் வந்திருந்தால் ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பாள். அக்காவுக்காக விடுப்பு எடுத்தாள்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். அம்மா அக்காவைத் 'தாயே' என்று கூப்பிட்டாள். எதிர்த்துப் பேசினால் முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, அவள் காலடியில் உட்கார்ந்து, "தாயே, இறங்கிக்கோம்மா" என்று கெஞ்சினாள்.

ஒன்றரை நாள்தான் இதைப் பார்த்தேன். எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, புத்தகப்பையோடு என்னைக் கோவிலம்பாக்கத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் சேலையூருக்குத் திரும்பி வந்தேன். வந்த அன்றே அக்காவின் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் படுத்திருந்த பாயில் படுத்தேன். அவள் குடித்த டம்ளரில் தண்ணீர் குடித்தேன். தினமும் காலையில் எழுந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு தொற்றாது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. "சின்னவளுக்கு வரவே இல்லை, அவ உடம்பு வாகு அப்படி" என்று அம்மா எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் பயோடெக்னாலஜி படித்தேன். இப்போது குரோம்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தத்திலும் கொப்புள நீரிலும் வைரஸின் மரபணு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பிரிவு. மனிதர்களுக்கென்றே இருக்கும் ஹெர்பிஸ் வைரஸ்கள் எட்டு. பேரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்குத் தெரிந்தது அந்தரங்க உறுப்பில் புண் வரவழைக்கும் ஒன்று மட்டும்தான். அதன் உடன்பிறப்பு உதட்டோரத்தில் கொப்புளமாக வரும்; எங்கள் வீட்டில் அதைப் பல்லி எச்சம் பட்டது என்பார்கள். கைக்குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்து, விட்டதும் உடம்பெல்லாம் சிவப்பாகப் பூக்குமே, அது வேறு ஒன்று. தொண்டையும் கழுத்து நெறியும் வீங்கிக் கல்லூரிப் பிள்ளைகளை வாரக்கணக்கில் படுக்க வைப்பது இன்னொன்று. சிறுநீரகம் மாற்றியவர்களிடம் நாங்கள் தேடிக்கொண்டே இருப்பது ஒன்று. இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் அம்மை.

எட்டுக்கும் பொதுவான குணம், வந்தால் போகாது. காய்ச்சல் தணியும், கொப்புளம் காயும், வைரஸ் மட்டும் உடம்பிலேயே எங்காவது ஒதுங்கித் தூங்கும். இருக்கிற மருந்துகளும் அதை விரட்டுவதில்லை. பெருகாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். அதனால் பெருகும் முன்பே கொடுக்க வேண்டும். அம்மை வைரஸ் தண்டுவடத்தை ஒட்டியும் தலைக்குள்ளும் இருக்கிற நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். பல வருஷம் கழித்து, உடம்பு அசந்த நேரத்தில், ஏதோ ஒரு நரம்பின் வழியே இறங்கி வந்து அக்கியாக வெளிப்படும்.

கல்லூரியில் இதை நடத்திய அன்று மற்றவர்கள் என்ன குறித்துக்கொண்டார்களோ தெரியாது. நான் அக்காவை நினைத்துக்கொண்டேன். மூன்று தண்ணீர் ஊற்றி வழியனுப்பியதாக நாங்கள் நினைத்தது அவளை விட்டுப் போகவே இல்லை. அவளுக்குள்ளேயே இருக்கிறது. என்னிடம் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம் அக்கா வலது பக்கத் தலைவலியோடு முடிச்சூரிலிருந்து வந்தாள். அவள் கணவர் வேலை விஷயமாகப் புனேவில் இருந்தார். சீப்பு பட்டாலே வலிக்கிறது என்றாள். சைனஸாக இருக்கும் என்று ஆவி பிடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது நெற்றியில் கொஞ்சம் சிவந்திருந்தது. தைலம் தேய்த்ததால் இருக்கும் என்று நினைத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. நான் புறப்பட்டபோது அவள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் திரும்பி வந்தால் என் அறையில், என் கட்டிலில், என் தலையணையில் படுத்திருக்கிறாள். ஜன்னல் ஓரம் இளநீர். அம்மா காலடியில்.

"என் கட்டில்ல ஏன் படுக்க வெச்சே? ஹால்ல ஃபேன் இல்லையா?"

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வலது நெற்றி முழுக்கக் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள். முடிக்குள்ளிருந்து கிளம்பி, புருவத்தைத் தாண்டி, மூக்கின் நடுக்கோட்டில் கோடு போட்டது மாதிரி நின்றிருந்தன. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. அக்கி. மூக்கின் நுனியில், வலப்புறம், சின்னதாக இரண்டு. கண் சிவந்து நீர் வடிந்தது.

மூக்கு நுனிக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பின் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் வரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். விழியின் முன்பக்கத்தில் தழும்பு விழுந்தால் பார்வை மங்கும், அழுத்தம் ஏறினால் போயே போகும். கொப்புளம் வந்த மூன்று நாளைக்குள் மாத்திரையை ஆரம்பித்தாக வேண்டும். கண் என்றால் அன்றே. இதையெல்லாம் ஒழுங்காக, ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கி அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். மாலையில் வருவதாகப் பானைக் கடைக்காரரிடம் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னாள். அக்கி வந்தால் குயவர் காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, புண்ணைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார். தொடர்ந்து மூன்று நாள் எழுத வேண்டும். அது வரைக்கும் வேறு மருந்து தொடக் கூடாது, காவியின் மேல் தண்ணீர் படக் கூடாது. எங்கள் பெரியப்பாவுக்கு இடுப்பில் வந்தபோது அப்படித்தான் சரியானது. இடுப்பு அக்கி தானாகவே ஆறும், கண் அப்படியில்லை என்றேன். என் குரல் ஏறியது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவளுக்கு ஏதாவது செஞ்சா உனக்குப் பொறுக்காது. சின்னதுலேர்ந்தே இப்படித்தான்டி நீ. இப்போ அதுக்கு சயின்ஸ் வேற படிச்சுட்டு வந்திருக்கே."

அவள் சொன்னது பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கட்டிலைப் பற்றி நான் கேட்டது அந்த அறையிலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் சொன்ன மருத்துவம் அத்தனையும் அதற்குப் பின்னால் சொல்லப்பட்டதாகவே அவர்கள் காதில் விழுந்திருக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்பா வழக்கம்போல எந்தப் பக்கமும் சாயாமல் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். நான் கூடப் போனதற்குக் காரணம், கண் மருத்துவமனை அதே வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருக்கிறது. முடிச்சூர் தாண்டி ரோட்டோரத்தில் அந்தக் கடை. பூந்தொட்டி, உண்டியல், தந்தூரி அடுப்பு எல்லாம் அடுக்கியிருந்தது. பெஞ்சில் எங்களுக்குப் பின்னால் தோளில் அக்கியோடு ஒருவர், அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்துக் கடைக்காரர் எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்திருந்த போனில் யாரோ தொட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பதில் சொல்லிக்கொண்டே எழுதினார். முதலில் தலை, பிடரி, பிறகு முன்னங்கால்கள். நன்றாகத்தான் எழுதினார். இறகு புருவத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கண்ணு மேலயும் போடணுமா?"

போடுங்கள் என்றாள் அம்மா. வேண்டாம் என்றேன் நான். இமையில் கொப்புளம் உடைந்திருக்கிறது, மண் உள்ளே போகும், இப்படியே டாக்டரிடம் போகலாம் என்றேன். கடைக்காரர் இறகைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாராச்சும் ஒருத்தர் சொல்லும்மா. போடுன்னா போட்றேன். பின்னாடி ஆளுங்க குந்திகினு கீறாங்க."

அப்போது அக்கா இடது கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். நெற்றியில் சிவப்பாகப் பாதிச் சிங்கம். அது ஈரமாக மின்னியது.

"நிஜமா சொல்லு. பொறாமையிலதான் சொல்றியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஒரே வீட்டில் வளர்ந்தவள்.

"பொறாமைதான். என் கட்டில்ல நீ படுத்தது பிடிக்கலை. அம்மா உன் காலடியில உக்காந்திருக்கறது பிடிக்கலை. உனக்கு அம்மை போட்டதுலேர்ந்தே பிடிக்கலை. ஆனா மூக்கு நுனியில வந்தா கண்ணுக்குள்ள வரும். அதுவும் நிஜம்."

அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தாள். பிறகு கடைக்காரரிடம், "போதும்ணா" என்று எழுந்துவிட்டாள்.

முழுசாக எழுதாமல் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று ஆட்டோவில் அம்மா ஏதோ பல்லாவரம் மேம்பாலமே இடிந்துவிட்ட மாதிரி புலம்பிக்கொண்டே வந்தாள். யாரிடம் என்றில்லாமல், பொதுவாக. அக்கா என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். காவி என் துப்பட்டாவில் ஒட்டியது. அது நான் வாங்கி ஒரு முறைதான் போட்டிருந்த துப்பட்டா. அதையும் கவனித்தேன்.

கண் டாக்டர் என் வயதுப் பெண். அக்காவின் நெற்றியை ஒரு நொடி பார்த்தார். புருவம் வரைக்கும் துடைக்க வேண்டும் என்றார். முடி ஓரத்தில் இருப்பதையாவது விட்டுவிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். சிங்கத்தின் தலை தப்பியது, கால்கள் போயின. கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அம்மாவை அழைத்துக் கருவியின் இன்னொரு குழல் வழியாகப் பார்க்கச் சொன்னார். விழியின் மேல் பச்சையாக, கிளை பிரிந்த மெல்லிய கோடுகள் ஒளிர்ந்தன. சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அம்மா குழலிலிருந்து முகத்தை எடுத்து, அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அசைக்ளோவிர், பெரிய மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கண்ணுக்கு மருந்துக் களிம்பு. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அழுத்தம் பார்க்க மறுபடி வர வேண்டும். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த மருந்து எதற்குப் பின் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். கண்ணைத் தொட அம்மா பயந்தாள். அதனால் களிம்பும் நானே போட்டேன். கையுறை போட்டுத்தான். எனக்கு அம்மை வந்ததில்லை. அக்கியின் கொப்புள நீர் பட்டால் எனக்கு வரப்போவது அக்கி இல்லை, அம்மை. தடுப்பூசி இருக்கிறது. வேலையில் சேர்ந்தபோதே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கியின் கொப்புளத்தைவிட வலி கொடியது. ஒரு மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்காவுக்கு நரம்பு இழுத்தது. நெற்றிக்குள் யாரோ கொதிக்கும் எண்ணெய் விடுகிற மாதிரி இருக்கிறது என்று சுவரில் முட்டப் போனாள். ஓடிப் பிடித்தேன். அவள் என் கையை இழுத்து நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுத்தம் கொடுத்தால் கொஞ்சம் தாங்க முடிகிறது என்றாள். என் உள்ளங்கையின் கீழ் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமானது தெரிந்தது. கையுறைகள் அலமாரியில் இருந்தன.

"எடுக்காதே" என்றாள்.

எடுக்கவில்லை. அம்மா திரும்பி வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அது முழுக்க அன்பு என்று எழுத ஆசைதான். அம்மா கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருப்பதை அம்மா பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

அக்காவின் கண் பிழைத்தது. ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு; எழுத்து வாசிக்கத் தடையில்லை, சொட்டு மருந்து மட்டும் சில மாதம் தொடர வேண்டும் என்றார் டாக்டர். அவள் முடிச்சூருக்குக் கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும், மூன்றாம் வகுப்பில் செய்தது போலவே, சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். வந்திருந்தது. தொப்புளுக்கு மேலே, ரோஜா இதழில் நீர் நின்ற மாதிரி, ஒன்று.

பெரியவர்களுக்கு அம்மை கடுமை, நுரையீரலுக்குப் போகலாம், முதல் நாளே மாத்திரை ஆரம்பிப்பது நல்லது என்று அம்மாவிடம் சொல்லத் தயாரானேன். தேவைப்படவில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, அப்பாவிடம் அதே மாத்திரையின் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வேப்பிலையும் வந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே வெள்ளை வேட்டி விரித்தாயிற்று. இளநீர், நுங்கு. எல்லாம் என் பட்டியலில் இருந்த வரிசைப்படியே வந்தன.

ஒன்றையும் அனுபவிக்க முடியவில்லை. தலைக்குள், காதுக்குள், தொண்டைக்குள் எல்லாம் போட்டிருந்தது. இளநீர் இறங்கும்போது எரிந்தது. மின்விசிறிக் காற்று ஊசியாகக் குத்தியது. அம்மா காலடியில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவினாள். "தாயே, இறங்கிக்கோம்மா, குழந்தை தாங்காது" என்றாள். அந்தச் சொல்லுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தேன். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. என் நெற்றிக்குச் சற்று மேலே, அங்கே வேறு யாரோ நிற்பது போலப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பயந்திருந்தாள். தாயே என்றது என்னையல்ல. நான் அந்தப் பேச்சில் வரும் குழந்தை.

அக்கா ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்தாள். அவளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் என் பக்கத்தில் உட்காரலாம். அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது. அப்பளம்கூடக் கிடைக்காமல் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, அன்றைக்குச் சித்தி வீட்டில் எனக்குத் தினமும் பஜ்ஜி போட்டார்களாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதைக் கேள்விப்பட்டு அந்த வெள்ளை வேட்டியில படுத்துக்கிட்டு எப்படி அழுதேன் தெரியுமா" என்றாள். எனக்குத் தெரியாது. அந்த பஜ்ஜியை நான் என் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

அப்போதுதான் கீழ்வீட்டு மாமி வந்தார். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. கிரில் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, பெரியவளுக்குக் கண் எப்படி இருக்கிறது என்றார். அம்மா ஆரம்பித்தாள். மூக்கு நுனி, நரம்பு, மஞ்சள் சாயம், பச்சைக் கோடு, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று நான் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில், சின்னவள் பிடிவாதம் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் என்றும் சொன்னாள். பிறகு மறுபடி கண்ணுக்கே போய்விட்டாள். நான் கூடத்தில் படுத்து, என் முறை எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்தது. "இப்போ சின்னவளுக்குப் போட்டிருக்கு மாமி" என்றாள் அம்மா. குரல் தணிந்தது, ஆனாலும் அதில் ஒரு மிடுக்கு. "இவளுக்குப் போட்ட மாதிரி பெரியவளுக்குக்கூடப் போடலை. உடம்பு பூரா முத்து முத்தா."

அக்கா தயிர்சாதத்தட்டிலிருந்து நிமிர்ந்தாள். சொட்டு மருந்து விட்ட கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "எனக்குக்கூடப் போடலையாம்" என்றாள் என்னிடம், மெதுவாக. "எனக்கு எவ்ளோ போட்டுச்சுன்னு இவங்க மறந்துட்டாங்க."

அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். உதட்டோரக் கொப்புளம் இழுத்து வலித்தது. நிறுத்த முடியவில்லை.